பூவிலிருந்து வந்த 'மருந்து' – கொஞ்சம் வரலாறு



சென்ற வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது நாலு ஏக்கரில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறார். "சார், சைபர்மெத்ரின் எல்லாம் சாமந்திப் பூவிலேருந்து எடுக்கிறதாமே? அப்போ மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல? கடையில அப்படித்தான் சொன்னாங்க" என்று கேட்டார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வேளாண் விஞ்ஞானி அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து 35 ஆண்டுகள் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். எனக்குத் தெரிந்த வழி, எதையும் அதன் வரலாற்றோடு சொல்வதுதான். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் மருந்து அடிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கதை பூவில்தான் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் அட்ரியாடிக் கடலோரம் டால்மேஷியா என்றொரு பகுதி. இன்று அது பெரும்பாலும் குரோவேஷியா நாட்டில் இருக்கிறது. அங்கே பாறைச் சரிவுகளில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட ஒரு பூ பூக்கும். நம் சாமந்தியின் உறவுக்காரப் பூ. பெயர் பைரெத்ரம். அதைக் காயவைத்துப் பொடி செய்து தூவினால் மூட்டைப்பூச்சி, பேன், தெள்ளுப்பூச்சி சாகும். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பொடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய வியாபாரம். காகசஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த இன்னொரு இனப் பூவின் பொடியை 'பாரசீகப் பொடி' என்று விற்றார்கள்.

1880களில் இந்தப் பூவின் விதை ஜப்பானுக்குப் போனது. அங்கே உயெயாமா எய்சிரோ என்ற வியாபாரி அதைப் பயிரிட வைத்து, 1890இல் ஊதுபத்தி மாதிரி ஒரு கொசுவத்தி செய்தார். குச்சி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிட்டது. சுருளாகச் செய்தால் இரவு முழுக்க எரியுமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி என்பார்கள். 1902இல் சுருள் விற்பனைக்கு வந்தது. நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் புகைகிற கொசுவத்திச் சுருளுக்கு வயது நூறு தாண்டிவிட்டது. பின்னாளில் ஆப்பிரிக்காவின் கென்யா இந்தப் பூச் சாகுபடியில் முன்னணிக்கு வந்தது.

பூவின் மருந்துக்கு ஒரு குணம் உண்டு. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். வீட்டுக்குள் தூவுவதற்கு அது போதும். வயலில் காலையில் அடித்தால் மறுநாள் பலன் இருக்காது. விவசாயத்துக்கு இது குறை. ஆனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதுதான் காப்பு. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூவின் உள்ளே இருக்கும் வேதிப்பொருளை ஸ்விட்சர்லாந்தில் ஸ்டாடிங்கர், ருசிக்கா என்ற இருவர் ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார்கள். இருவருமே பிற்பாடு வேறு ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்றவர்கள். 1949இல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் பூவே இல்லாமல் ஆய்வகத்தில் அதைப் போல ஒன்றைச் செய்தார்கள். பெயர் அலெத்ரின். பூவைப் போலச் செய்யப்பட்ட இந்த வகைக்குத்தான் பைரெத்ராய்டு என்று பெயர். அதுவும் வெயிலுக்குத் தாங்கவில்லை. கொசுவத்தியோடு நின்றது.

அந்தக் காலம் டி.டி.டி.யின் காலம். 1939இல் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்டுபிடித்தார், 1948இல் நோபல் பரிசும் வாங்கினார். அது மலிவு, பல மாதங்கள் அழியாமல் இருக்கும். அழியாமல் இருந்ததே வினையாயிற்று. மண்ணில், மீனில், பறவையின் முட்டையில், தாய்ப்பாலில் எல்லாம் சேர்ந்தது. 1962இல் ரேச்சல் கார்சன் தம் 'மௌன வசந்தம்' நூலில் எழுதிய பிறகு உலகம் விழித்தது. இன்னொரு பக்கம் பாரத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், அடிக்கிறவரையே கொன்றுகொண்டிருந்தன. 'மனிதனைக் கொல்லாத, மண்ணில் தங்காத மருந்து வேண்டும்' என்ற தேவை வந்தது. நியாயமான தேவைதான்.

அதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த மைக்கேல் எலியட். அவரும் அவர் குழுவும் பூவின் மூலக்கூறில் வெயிலுக்கு இளகும் பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 1973இல் பெர்மெத்ரினை அறிவித்தார்கள். வெயிலில் நாள்கணக்காக நின்றது. அதைத் தொடர்ந்து சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின். அதே காலத்தில் ஜப்பானிலிருந்து ஃபென்வலரேட். டி.டி.டி. ஒரு ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் வேண்டும். டெல்டாமெத்ரினில் 10 முதல் 15 கிராம் நச்சுப்பொருளே போதும். பாலூட்டிகளின் ஈரல் அதை விரைவில் உடைத்து வெளியே தள்ளிவிடும். விஞ்ஞானிகள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. உண்மையிலேயே பெரிய சாதனை அது.

ஆனால் பிள்ளைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பூவின் நஞ்சு ஒரே நாளில் அழிந்துவிடும், அதுதான் பூ நமக்குத் தந்த காப்பு. தொழிற்சாலை மாற்றியது அந்த ஒரு குணத்தைத்தான். அதை மாற்றிவிட்டு 'பூவிலிருந்து வந்தது' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

உடம்புக்குள் இது என்ன செய்கிறது? நரம்பில் செய்தி ஓடும்போது சோடியம் உள்ளே வருவதற்கு நுண்ணிய கதவுகள் கண நேரம் திறந்து மூடும். பைரெத்ராய்டு அந்தக் கதவை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். காலிங்பெல் சுவிட்ச் உள்ளே சிக்கிக்கொண்டால் மணி நிற்காமல் அடிக்குமே, அதே மாதிரி. பூச்சி துடிதுடித்து விழுந்துவிடும். நமக்கும் அதே கதவுகள்தான். நம் உடம்புச் சூடும் ஈரலும் நம்மைக் காப்பாற்றுகின்றன. பூனைக்கு அந்த அளவு உடைக்கும் சக்தி இல்லை. நாய்க்கு உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து செத்தே போகலாம். ஒரு வீட்டுக்குள்ளேயே 'பாதுகாப்பானது' என்பதற்கு இரண்டு பொருள்.

மனிதருக்கு ஒன்றுமே ஆகாது என்பதும் சரியல்ல. 1980களில் நான் வேலை பார்த்த கரிசல் ஊரில், பருத்திக்கு மருந்தடிக்கும் சமயத்தில் சில பையன்கள் முகத்தைத் தேய்த்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். "அப்பாவுக்குத் தண்ணி சுமந்து குடுத்தேன் சார், குத்துற மாதிரி எரியுது" என்பார்கள். பைரெத்ராய்டின் அடையாளமே அதுதான். தோலில் பட்ட இடத்தில் ஊசி குத்துவது போலக் குறுகுறுப்பு, எரிச்சல். வியர்த்தால், வெயில் பட்டால் கூடும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

அதோடு நில்லாத இடங்களும் உண்டு. சீனாவில் பருத்தி விவசாயிகளிடையே இந்த மருந்துகள் பரவியபோது, 1983க்கும் 1988க்கும் இடையில் பதிவான 573 நச்சுப் பாதிப்புகளை மருத்துவர்கள் தொகுத்தார்கள். வயலில் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு, தவறுதலாகவோ வேண்டுமென்றோ குடித்தவர்களும் உண்டு. தலைசுற்றல், வாந்தி, கடுமையானவர்களுக்கு வலிப்பு, சில மரணங்கள். அதில் ஒரு மரணம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆர்கனோபாஸ்பேட் குடித்ததாக மருத்துவர்கள் நினைத்து, அதற்குரிய அட்ரோபின் ஊசியைத் தொடர்ந்து போட, அந்த ஊசியே அவரைக் கொன்றுவிட்டது. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு முறிவு மருந்து உண்டு. பைரெத்ராய்டுக்குத் தனி முறிவு மருந்து கிடையாது. அறிகுறிக்கு ஏற்பத்தான் வைத்தியம். எந்த மருந்து என்று தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியும் தடுமாறும்.

நெடுங்காலப் பாதிப்பு பற்றியும் கேட்பீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபென்வலரேட் மூன்றையும், 'மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று முடிவு சொல்லச் சான்று போதாது' என்ற பிரிவில் வைத்தது. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் 6 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுநீரில் பைரெத்ராய்டின் எச்சம் கூடுதலாக இருந்த பிள்ளைகள், சொற்களைப் புரிந்துகொள்வதிலும் நினைவில் வைப்பதிலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். இது தொடர்பு மட்டுமே, இதுதான் காரணம் என்று நிரூபணம் அல்ல. ஆனால் ஆசிரியர் என்ற முறையில் இதைப் படித்துவிட்டு என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

இனி தண்ணீர். மீனால் இந்த நஞ்சை நம்மைப் போல உடைக்க முடியாது. பல மீன்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஓரிரு மைக்ரோகிராம் சைபர்மெத்ரின் இருந்தாலே ஆபத்து. இறால் வகைகளுக்கு அதைவிடக் குறைவே போதும். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 25 சதவீத சைபர்மெத்ரின் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. அதில் சுமார் 1.25 கிராம் நஞ்சு. 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குட்டையில் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் இந்த ஒரு கரண்டி முழுதாகக் கலந்தால் லிட்டருக்கு 1.25 மைக்ரோகிராம். கணக்கு முடிந்தது. உண்மையில் பெரும்பகுதி சேற்றிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மீன் தப்பலாம், சேற்றில் வாழும் உயிர்கள் தப்பாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் நகரத்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு அடித்த பைரெத்ராய்டுகள் மழைநீரோடு ஓடைக்கு வந்து, அடிச்சேற்றிலேயே சிற்றுயிர்களைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்திருந்ததை 2005இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

இதைவிடத் தெளிவான பாடம் பிரிட்டனில் நடந்தது. அங்கே ஆடுகளின் உண்ணிக்கும் சொறிக்கும் அவற்றை மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். முதலில் ஆர்கனோபாஸ்பேட். முக்குகிற விவசாயிகளுக்கு நரம்புக் கோளாறு வருகிறது என்று புகார் எழுந்ததும் பலர் சைபர்மெத்ரினுக்கு மாறினார்கள். மனிதனுக்கு நல்லதுதான். ஆனால் நனைந்த ஆடு ஓடையைக் கடந்தது, தொட்டி நீரை நிலத்தில் ஊற்றினார்கள். ஓடைகளில் பூச்சிகள் அழிந்தன. அவற்றைத் தின்று வாழும் மீனுக்கு இரை போயிற்று. 2006இல் அந்த முக்கு மருந்தின் விற்பனை உரிமத்தை அரசு நிறுத்தி வைத்தது. மனிதனின் ஆபத்தைக் குறைத்தோம், ஓடையின் ஆபத்தைக் கூட்டினோம்.

வயலுக்கு வருவோம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிப் பிழைக்கிற சில புழுக்களின் வாரிசுகள்தான் அடுத்த தலைமுறையில் நிறைந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் எமரால்டு என்ற பருத்திப் பகுதியில் 1983இலேயே பச்சைக் காய்ப்புழு இந்த மருந்துக்கு அடங்கவில்லை. அவர்கள் உடனே கூடிப் பேசினார்கள். ஒரு பருவத்தில் 42 நாள் மட்டும் பைரெத்ராய்டு, மற்ற நாளில் தொடவே கூடாது என்று முடிவு செய்து எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அதனால் மருந்து இன்னும் சில ஆண்டுகள் வேலை செய்தது.

நம் நாட்டில் அந்தக் கூட்டு முடிவு இல்லை. 1980 வாக்கில் பைரெத்ராய்டுகள் பருத்திக்கு வந்தன. முதல் சில ஆண்டுகள் அற்புதம். காலையில் அடித்தால் மாலைக்குள் புழு கொத்துக் கொத்தாகக் கீழே கிடக்கும். எனவே எல்லோரும் அதையே அடித்தார்கள். சிலந்தி, பொறிவண்டு எல்லாம் செத்தன. அவை தின்று அடக்கி வைத்திருந்த வெள்ளை ஈ 1980களின் நடுவில் ஆந்திரத்திலும் நம் மாநிலத்திலும் பெருகியது. 1987இல் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் பச்சைக் காய்ப்புழு எதற்கும் அடங்கவில்லை. ஆய்வகத்தில் சோதித்தபோது அந்தப் புழுக்கள் சைபர்மெத்ரினையும் ஃபென்வலரேட்டையும் பெரிய அளவில் தாங்கின. அடிக்க அடிக்கப் புழு கூடியது, கடனும் கூடியது. மகசூல் விழுந்தது. தற்கொலைகள் நடந்தன. புழுவைக் கொல்ல வாங்கிய மருந்தே பல வீடுகளில் கடைசியாகக் குடித்த மருந்தானது. வானிலை, கடன், விலை எல்லாமும் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் 'இது எதையும் அடக்கிவிடும்' என்ற நம்பிக்கை உடைந்ததும் அதில் ஒரு பெரிய காரணம்.

நெல்லில் இன்னும் வியப்பு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களின் இறுதியில் ஹைன்ரிக்ஸ் என்பவரும், நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்லையாவும் ஓர் ஆய்வு செய்தார்கள். டெல்டாமெத்ரின் அடித்த நெல்லில் புகையான் பூச்சி குறையவில்லை, பெருகியது! அதைத் தின்னும் எதிரிகள் செத்தது ஒரு காரணம். மருந்தடித்த பயிரில் புகையான் கூடுதலாகச் சாறு உறிஞ்சி, கூடுதலாக முட்டையிட்டது இன்னொரு காரணம். அதனால்தான் புகையான் தாக்கும் நெல்லுக்குப் பைரெத்ராய்டு அடிக்காதீர்கள் என்று நம் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்கிறது. இன்றைக்கும் நெல்லுக்கு அதை வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

இந்த மருந்து செய்த நன்மையையும் சொல்லிவிட வேண்டும். பைரெத்ராய்டு தோய்த்த கொசுவலை ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மலேரியா நோய்களைத் தடுத்திருக்கிறது. 2000 முதல் 2015 வரை அங்கே தடுக்கப்பட்ட நோயில் மூன்றில் இரண்டு பங்கு வலையால்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் புர்கினா ஃபாசோ நாட்டில், பருத்திக்கு இதே மருந்தை நிறைய அடிக்கும் பகுதிகளின் கொசுக்கள் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டதையும் கண்டார்கள். வயலில் வீணாக அடிக்கும் ஒவ்வொரு டேங்கும், எங்கோ தூங்குகிற ஒரு குழந்தையின் வலையில் ஓட்டை போடுகிறது.

அண்மைய கதையையும் சேர்க்கிறேன். புழு அடங்காததால் இப்போது கலவை மருந்துகள். புரோஃபெனோஃபாஸ் 40 சதவீதம், சைபர்மெத்ரின் 4 சதவீதம் என்று ஒரே பாட்டிலில் வரும். இதில் ஆர்கனோபாஸ்பேட்தான் பெரும்பங்கு. அது பைரெத்ராய்டை உடைக்கும் நம் உடம்பின் நொதியையும் முடக்கும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் ஆள் உயரப் பருத்திக்குள் நின்று மருந்தடித்த நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் அடித்தவற்றில் இந்தக் கலவையும் உண்டு. பலர் கூலிக்கு அடித்தவர்கள். டேங்கில் என்ன ஊற்றப்பட்டது என்றே அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். 'பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால் 'யாருக்கு, எவ்வளவு, எத்தனை தடவை?' என்று கேளுங்கள். இந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட வரலாறுதான். நம் தமிழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் 'மருந்து', பருத்திக்கு அடிப்பதும் 'மருந்து'. 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்றால் மட்டும்தான் அது நஞ்சு என்று நமக்கு உறைக்கிறது.

அதனால், என் பிள்ளைகளிடம் சில வேண்டுகோள்கள்:

• முதலில் வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பாருங்கள். சேத அளவைத் தாண்டாமல் மருந்து வேண்டாம். பக்கத்து வயலில் அடித்தார்கள் என்பது காரணமாகாது.

• ஒரே வகையைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது அதேவா என்று லேபிளில் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் எது என்றும் பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடியது.

• நீங்களாக இரண்டு மூன்றைக் கலக்காதீர்கள்.

• பூக்கும் பருவத்தில் தேனீ வரும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

• டேங்கையும் பாட்டிலையும் வாய்க்காலிலோ குட்டையிலோ கழுவாதீர்கள். மேலே போட்ட ஒரு தேக்கரண்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

• முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி. காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர் சுமக்கவும் அழைக்காதீர்கள்.

• யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்தில் உள்ள எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். 108ஐ அழைத்து, பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அந்த லேபிள் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

• கூலிக்கு ஆள் வைத்து அடித்தால், டேங்கில் என்ன இருக்கிறது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது அவருக்கு நாம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

உங்களில் வேளாண்மைத் துறையிலும் மருத்துவத்திலும் இருப்பவர்கள், சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

எல்லோரும் நலமாக இருங்கள். நிலத்தையும் நலமாக வைத்திருங்கள்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் ஆசிரியர்